யானையைக் கட்டித் தீனி போடலாமா?

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளாதாரம்)

ஆசை இல்லாத மனிதன் இல்லை. அதிலும் இளமையில் தோன்றும் ஆசைக்கு அணை போட எவராலும் முடிவதில்லை. ஒருவனுக்குப் பாட்டு, ஒருவனுக்குப் பந்து, ஒருவனுக்குப் படம். எங்கள் ஊர் இளைஞர்களுக்கோ கார்!

எங்கள் ஊர் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது. விடியுமுன் எங்கள் ஊர்ச் சாலையோரம் வந்து நின்று பாருங்கள். சீருடையும் அடையாள அட்டையும் அணிந்த இளைஞர்கள் கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். அவர்களில் பலர் ஐ.டி.ஐ. படித்தவர்கள், சிலர் நம் கல்லூரியிலேயே பட்டம் பெற்றவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அதே ஆண்டில் அப்போலோ டயர் ஆலையும் வந்தது. 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தது. நாளெல்லாம் கார்களுக்குக் கதவு மாட்டி, கண்ணாடி பொருத்தி, சக்கரம் முடுக்கி அனுப்புகிற கைகள் எங்கள் ஊர்க் கைகள். அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று தோன்றுவது குற்றமா? இல்லை, ஒருகாலும் இல்லை.

ஆனால் புதுக் கார் வாங்க ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியம் இடம் கொடுப்பதில்லை. எனவே பழைய கார். பழைய காரிலும் சாதாரணக் கார் வேண்டாம். சீறிப் பாய்கிற, தாழ்வாக அமர்ந்த, அகன்ற டயர் போட்ட வண்டி வேண்டும். ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு லட்சம் விற்ற வண்டி இன்று ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குக் கிடைக்கிறது. "புது ஸ்கூட்டர் விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஸ்போர்ட்ஸ் காரே கிடைக்கிறதே!" என்று மனம் துள்ளுகிறது. அந்தத் துள்ளலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வேகத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. பின்னர் 1990இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடத்தைத் திறந்தது. அதன் நீளம் 3.7 கிலோமீட்டர். ஆக, கார் பிறப்பதும் அந்த ஊரில். கார் பறப்பதும் அந்த ஊரில். இன்னொரு பக்கம் திருவள்ளூர். அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் உருவாயிற்று. பின்னர் செடியா வந்தது. நாட்டின் ராலிப் போட்டிகளில் இவை ஓடியதைக் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. இப்போது அந்த ஆலையில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. லான்சரும் செடியாவும் புதிதாக வருவதில்லை. ஆனால் அவற்றின் மீது இளைஞர் கொண்ட மோகம் மட்டும் வற்றவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். "எழுதுடா, பேரை மட்டும் போட்டுடாதே" என்று என் அண்ணனே அனுமதி தந்த பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணன் வாங்கிய வண்டி

என் அண்ணன் ஒரு உதிரிப் பாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். 2023 பொங்கலுக்கு முன் 1,80,000 ரூபாய் கொடுத்து ஒரு வண்டி வாங்கினான். ஆயிரத்து அறுநூறு சி.சி. பெட்ரோல் வண்டி, சிவப்பு நிறம், 2009 பிப்ரவரியில் பதிவானது. எந்தக் கம்பெனியின் வண்டி என்பது இங்கே வேண்டாம். குற்றம் வண்டியினுடையது அன்று. 80,000 ரூபாய் அவனுடைய மூன்றாண்டுச் சேமிப்பு. மீதி ஒரு லட்சம் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வந்தது. அந்தச் சங்கிலி, தங்கையை நர்சிங் படிக்க வைக்க அம்மா ஒதுக்கி வைத்திருந்தது. "ஆறே மாசத்துல மீட்டுடறேம்மா" என்றான் அண்ணன். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எந்தத் தாய்தான் கெடுப்பாள்?

பொங்கலன்று வண்டிக்கு மாலை போட்டோம். ஊரே வந்து பார்த்தது. நானும் முன் இருக்கையில் அமர்ந்து தண்டலம் வரை போய் வந்தேன். உண்மையைச் சொல்வதானால், என் வாழ்க்கையில் அத்தனை பெருமையாக நான் இருந்ததில்லை.

அடுத்த பதினான்கு மாதங்களில் வண்டி தின்ற கணக்கை அண்ணன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதை அப்படியே தருகிறேன்:

நான்கு டயர்கள் — 26,000
டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் — 18,000
கிளட்ச் செட், கூலியுடன் — 22,000
ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் — 31,000
ஏ.சி. கம்ப்ரசர் — 19,000
பேட்டரி — 6,000
இன்சூரன்ஸ் — 9,300
ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் — 5,000
அதற்காகச் செய்த டிங்கரிங், பெயிண்டிங் — 15,000
ஆக மொத்தம் — 1,51,300 ரூபாய்

பெட்ரோலும், பசுமை வரியும், அடகு வட்டியும் இதில் சேரவில்லை. வண்டியின் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பழுதுக்கும் காகிதத்துக்குமே போய்விட்டது. இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. சீட்டை முன்னதாகத் தள்ளி எடுத்தான், நண்பர்களிடம் கைமாற்று வாங்கினான், ஓவர்டைம் பார்த்தான். கடைசியில் 2024 மார்ச்சில் வண்டியை 95,000 ரூபாய்க்கு விற்றான். கூட்டிக் கழித்தால் நட்டம் 2,36,300 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 16,900. அதாவது, அவன் தன் மாதச் சம்பளத்தையே வண்டிக்கு வாடகையாகக் கொடுத்திருக்கிறான். அந்தப் பதினான்கு மாதங்களும் கம்பெனிப் பேருந்து இலவசமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

விலை வேறு, செலவு வேறு

ஏன் இப்படி நேர்கிறது? பொருளாதார வகுப்பில் நாம் தேய்மானம் பற்றிப் படிக்கிறோம். புதுக் காரின் மதிப்பு முதல் ஐந்து ஆண்டுகளில் வேகமாகச் சரிகிறது. இன்சூரன்ஸ் கணக்கின்படியே ஐந்தாம் ஆண்டு முடிவில் மதிப்பில் பாதி கழிந்துவிடுகிறது. இந்தச் சரிவை முதல் உரிமையாளர் சுமக்கிறார். ஆகவே பழைய வண்டி வாங்குவது சிக்கனம் என்பது ஒரு பாதி உண்மை.

மறுபாதியை விற்பவர் சொல்வதில்லை. வண்டியின் விலைதான் வயதோடு இறங்குகிறது. பழுதுச் செலவு வயதோடு ஏறுகிறது. உதிரிப் பாகத்தின் விலையோ இறங்குவதே இல்லை. பன்னிரண்டு லட்சம் விற்ற வண்டியின் கிளட்ச், அந்த வண்டி இரண்டு லட்சத்துக்கு விற்கிற காலத்திலும் பன்னிரண்டு லட்ச வண்டியின் கிளட்ச்தான். கடைக்காரர் நாம் வண்டியை எவ்வளவுக்கு வாங்கினோம் என்று கேட்டு விலை சொல்வதில்லை. நாம் இரண்டு லட்சத்துக்கு வண்டியை வாங்குகிறோம். பன்னிரண்டு லட்ச வண்டியைப் பராமரிக்கிறோம். மறைவான செலவின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

வேக வண்டி என்றால் சங்கடம் இன்னும் கூடுகிறது. அகன்ற, பக்கவாட்டு உயரம் குறைந்த டயருக்கு விலை அதிகம். நம் சாலைக் குழிகளில் அது வீல் ரிம்மைக் காப்பாற்றாது. கெட்டியான சஸ்பென்ஷனில் புஷ்கள் விரைவில் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டியை முன்பு வைத்திருந்த இருவரோ மூவரோ அதைக் கோயிலுக்குப் போய்வர வாங்கியிருக்க மாட்டார்கள். விரட்டுவதற்காகவே வாங்கியிருப்பார்கள். அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கான பில் நம் கைக்கு வருகிறது.

கம்பெனியே கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும் ஆபத்தும் உண்டு. நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்ததைப் பேராசிரியர்கள் அறிவார்கள். 1961 முதல் அங்கே ஹெரால்டு உருவாயிற்று. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஹெரால்டுக்கும் அடிச்சட்டம் ஒரே குடும்பம். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988இல் உற்பத்தி நின்றது. அண்மைக் காலத்திலும் செவர்லே 2017உடன் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் விலகலை அறிவித்து, 2022இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை முடித்தது. உற்பத்தி நின்ற வண்டிக்கெல்லாம் பாகமே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடி அலைகிற வேலை வண்டிக்காரனுடையது. சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, காயலான் கடைச் சரக்கில் ஒரு லோயர் ஆர்ம் பொறுக்குவதற்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. அந்தப் பாகம் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

காகிதத்தில் ஒளிந்திருக்கும் செலவு

இரும்பும் ரப்பரும் மட்டும் செலவு வைப்பதில்லை, காகிதமும் வைக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 5,000 ஆயிற்று. 2025இல் வந்த திருத்தத்தின்படி, இருபது ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000. கட்டணமாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வில் தேறுவதற்காகச் செய்யும் டிங்கரிங் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. என் அண்ணன் வாங்கிய வண்டிக்கு இந்தக் கெடு பதின்மூன்றே மாதத்தில் காத்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் தேதி தெளிவாகவே இருந்தது. பார்த்தவர் யாருமில்லை, எங்கள் கண்கள் சிவப்புப் பெயிண்டின் மேல் இருந்தன.

இன்சூரன்ஸிலும் ஒரு சூட்சுமம். மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரிமியம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, என்ஜினின் சி.சி.யைத்தான் பார்க்கிறது. 2022 ஜூனில் வகுத்தபடி, 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. பத்து லட்ச வண்டியும் ஒரு லட்ச வண்டியும் இங்கே சமம். நூறு சி.சி. கூடியதற்காக என் அண்ணன் இரண்டு மடங்குக்கு மேல் கட்டினான். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு செய்தாலும், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். முன்னவர் சைலன்சரை மாற்றியிருந்தால் இன்னொரு தொல்லை. கம்பெனி வைத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மாற்றியவர் போய்விட்டார், அபராதம் ஓட்டுபவருக்கு.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025இல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. அதற்கேற்ற பொருள்களைக் கொண்டு கார்கள் செய்யப்படுவது 2023இலிருந்துதான். அதற்கு முந்தைய பழைய வண்டிகளில் எரிபொருள் ஹோஸ்களும் ரப்பர் வளையங்களும் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம். மைலேஜும் சற்றுக் குறையும்.

"நாங்கள் கார் வாங்கவில்லையே!"

நண்பர்களே, "இது தொழிலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது, நாங்கள் பேருந்துப் பாஸில் வருகிறவர்கள்" என்று நீங்கள் சிரிக்கலாம். நம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்கும் ஆர்.எக்ஸ். 100ஐ ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரியுங்கள்! 1985இல் வந்து 1996இல் உற்பத்தி நின்ற வண்டி அது. கடைசியாக வந்ததே நம்மில் பலரைவிட மூத்தது. அதற்கும் ஆர்.சி. புதுப்பித்தல் உண்டு, பாகத் தட்டுப்பாடு உண்டு, மாற்றிய சைலன்சருக்கு அபராதம் உண்டு. காருக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. அதை மதிக்கிறேன். "எல்லாவற்றையும் லாப நட்டக் கணக்காகவே பார்த்தால் வாழ்க்கையில் சுவை ஏது?" என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய வண்டியைப் பிள்ளை போல வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு தோறும் கையில் கிரீஸுடன் உட்கார்ந்து அதில் இன்பம் காண்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்கள் செலவை அறிந்து வாங்குகிறார்கள். வேறொரு வண்டியும் வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி ஒரு மாதம் ஓடாவிட்டால் அவர்கள் வீட்டில் எவர் படிப்பும் நிற்காது. எங்கள் வீட்டில் நின்றது. சங்கிலியை மீட்க முடியாமல் என் தங்கை ஓராண்டு வீட்டிலிருந்தாள். அடுத்த ஆண்டுதான் நர்சிங்கில் சேர்ந்தாள். அண்ணனின் ஆசைக்கு அவள் ஓர் ஆண்டைக் கொடுத்திருக்கிறாள். இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதது நோட்டில் உள்ள எல்லா எண்களையும்விட அண்ணனைச் சுடுகிறது.

என்ன செய்யலாம்?

வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை. கணக்குப் பார்த்து வாங்கு என்கிறேன். அண்ணனின் அனுபவமும் எங்கள் ஊர் மெக்கானிக் சொன்னதும் சேர்ந்து சில வழிகள்:

ஒன்று: வண்டியின் விலையில் பாதியையாவது தனியே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு: விற்பவர் காட்டும் மெக்கானிக்கை நம்பாமல், நமக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போக வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மூன்று: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழமாகியிருக்கலாம்.

நான்கு: டைமிங் பெல்ட் உள்ள என்ஜினானால், அதை மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

ஐந்து: ஆர்.சி. முடியும் தேதி, இன்சூரன்ஸ், கடன் பாக்கி, நிலுவை அபராதம் ஆகியவற்றை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான 35ஆம் படிவம் வேண்டும். 29, 30 படிவங்களைக் கொடுத்து முப்பது நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும்.

ஆறு: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைப் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவும், புழுங்கிய நாற்றமும் இருந்தால் திரும்பிப் பாராமல் நடையைக் கட்டுங்கள். ஒயரிங்கில் புகுந்த தண்ணீர் ஆண்டுக் கணக்கில் வேலை வைக்கும்.

இவை யாவும் பள்ளியிலோ கல்லூரியிலோ எவரும் சொல்லித்தராதவை. கேட்புக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் கரும்பலகையில் வரைகிற நாம், வீட்டு வாசலுக்கு வருகிற விலைச்சீட்டைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறோம். நம் கல்லூரி நுகர்வோர் மன்றம் ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்கட்டும். பொருளாதாரத் துறை மாணவர்கள் கணக்குப் போடட்டும். ஊர் மெக்கானிக் ஒருவரை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வோம். பட்டம் பெறாத அந்தப் பேராசிரியர், வண்டி எங்கள் தெருவில் படுத்த அன்று அண்ணனிடம் சொன்னார்: "தம்பி, நீ கொடுத்த விலை வித்தவனுக்குப் போச்சு. வண்டிக்கு இன்னும் நீ ஒண்ணுமே கொடுக்கலையே!" வாங்குவதற்கு முந்தைய நாள் இதை யாராவது சொல்லியிருந்தால்?

என் அண்ணன் இப்போது கம்பெனிப் பேருந்தில்தான் போகிறான். வழியில் சிவப்பாக ஒரு வண்டி கடந்து போனால் இன்றும் தலை திரும்பத்தான் செய்கிறது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். திரும்பட்டும்! ஆசை அவனுடைய உரிமை. யானையின் மீது ஆசைப்படலாம். கிட்டே போய்த் தொட்டும் பார்க்கலாம். கட்டுவதற்கு முன் மட்டும், தீனிக்கு யார் பங்கிலிருந்து எடுக்கப் போகிறோம் என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம்.